துப்பா, டேமேஜா?

பனியன் துணியில் ஓரிடத்தில் நூல் தடித்துக் கிடக்கிறது. செக்கிங் டேபிளுக்குப் புதிதாக வந்த பெண் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுகிறார்.

"அக்கா, இது டேமேஜுங்களா?"

"எந்த ஸ்டைலு கண்ணு? சாம்பிள எடுத்துப் பாரு."

திருப்பூரில் எந்தக் கம்பெனியிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. சாதாரண சிங்கிள் ஜெர்சி துணி என்றால் அந்தத் தடிப்பு குறை, பீஸ் ஓரம் போய்விடும். ஸ்லப் நூலில் ஓட்டிய துணி என்றால் அதே தடிப்புதான் டிசைன். நூற்பாலையில் வேண்டுமென்றே அப்படி நூற்றிருப்பார்கள். துணியை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இரண்டில் எது என்று சொல்ல முடியாது. பையர் ஒப்புதல் கொடுத்த சாம்பிள் கையில் இருக்க வேண்டும்.

மர்மப் படம் பார்க்கிறவருக்கும் இதே சிக்கல்தான். ஒருவன் முன்பு சொன்னதற்கு மாறாக ஏதோ சொல்கிறான். அவன் பொய் சொல்கிறானா? மறந்துவிட்டானா? வசனம் எழுதியவர் மறந்துவிட்டாரா? குடும்பப் படத்தில் இப்படி ஒன்று வந்தால் பெரும்பாலும் எழுதியவர் தலையில் போட்டுவிட்டுப் போய்விடலாம். மர்மப் படத்தில் முடியாது. அங்கே முரண் என்பது கதையின் கச்சாப் பொருள். கொலையாளி மாட்டுவதே ஏதோ ஒரு முரணால்தான். ஆகவே படத்தின் பிழையும் படத்தின் துப்பும் ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன. இரண்டையும் பிரித்தறிய மூளை என்ன செய்கிறது, ஏன் அடிக்கடி கோட்டை விடுகிறது என்பதுதான் இந்த அத்தியாயம். சில படங்களின் முடிச்சுகள் இதில் அவிழும். 'பாபநாசம்' இன்னும் பார்க்காதவர்கள் இருந்தால், பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கண்ணிலிருந்து ஆரம்பிப்போம். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடியுங்கள். அந்த நகம் மறைக்கும் அளவுக்கு ஒட்டிய இடம்தான் ஒரு நேரத்தில் உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். விழித்திரையின் நடுவே ஃபோவியா என்றொரு சிறு குழி இருக்கிறது. நுணுக்கமான பார்வை அங்கே மட்டும்தான், சுற்றிலும் மங்கல். அது மங்கல் என்றே நமக்கு உறைக்காததற்குக் காரணம், கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவிக்கொண்டே இருப்பது. தாவும் நேரத்தில் பார்வை ஏறக்குறைய அணைந்துவிடுகிறது. அந்தத் துண்டுகளையெல்லாம் ஒட்டி, விட்டுப்போன இடமே இல்லாத உலகம் ஒன்றை மூளை நமக்குக் காட்டுகிறது. ஒட்டும்போது எல்லா விவரத்தையும் அது சேமித்து வைப்பதில்லை. என்ன நடக்கிறது என்பதற்குத் தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறது.

எவ்வளவு விட்டுவிடுகிறது என்பதை அளந்து காட்டியவர்கள் டேனியல் லெவினும் டேனியல் சைமன்ஸும். 1997இல் வெளியான அவர்களது ஆய்வில் இரண்டு பெண்கள் மேசையருகே பேசிக்கொண்டிருக்கும் ஒரு குறும்படம் வருகிறது. ஷாட்டுக்கு ஷாட் வேண்டுமென்றே பொருள்களை மாற்றி வைத்திருந்தார்கள். ஒருத்தியின் கழுத்துத் துணி காணாமல் போய்த் திரும்ப வரும், மேசையிலுள்ள தட்டுகளின் நிறம் மாறும். இப்படி ஒன்பது மாற்றங்கள். பார்த்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எதையுமே சொல்லவில்லை. மாற்றம் வரும் என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டுக் காட்டியபோதும் சராசரியாக இரண்டைத்தான் பிடித்தார்கள். அடுத்த படம் இன்னும் துணிச்சலானது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் போன் மணி கேட்டு எழுகிறார். கட். வெளியே வந்து போனை எடுப்பவர் வேறொரு நடிகர், உடையும் வேறு. பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு அது தெரியவே இல்லை. 'ஒருத்தர் எழுந்து போய் போன் எடுத்தார்' என்று கதையைச் சரியாகச் சொன்னார்கள். கதை சரிதான், ஆள்தான் மாறிவிட்டார்.

பிரெஞ்சுப் படம் ஒன்றில் லூயி புனுவேல் 1977லேயே இந்த விளையாட்டை ஆடினார். ஒரே நாயகி பாத்திரத்தை இரண்டு நடிகைகள் மாறி மாறிச் செய்தார்கள், படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நம் டிவி சீரியல்காரர்கள் நேர்மையானவர்கள். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டுவிடுகிறார்கள். போடாமல் இருந்திருந்தால் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்பது நல்ல ஆராய்ச்சிக் கேள்வி.

இப்படிப்பட்ட பிழைகள் சினிமாவில் ஏன் வருகின்றன என்பது பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். கட்டிங் டேபிளில் துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள். வெட்டிய துண்டுகளில் அடுக்கு வாரியாகச் சின்ன நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பதினேழாம் அடுக்கின் முன்பக்கத்தோடு பதினேழாம் அடுக்கின் கைதான் சேர வேண்டும். இருபதாம் அடுக்கின் கை வந்து சேர்ந்தால், இரண்டும் வேறு ரோலாக இருக்கும் பட்சத்தில், ஒரே டீ ஷர்ட்டில் இரண்டு ஷேடு தெரியும். சாயப்பட்டறையில் ஒரே நாளில் போட்ட நிறத்திலும் ரோலுக்கு ரோல் மெல்லிய வித்தியாசம் இருக்கும்.

சினிமாவும் இப்படித் துண்டு துண்டாக வெட்டித் தைக்கிற சங்கதிதான். ஒரு வீட்டில் நடக்கும் காட்சிகளை எல்லாம் சேர்த்து எடுத்துவிடுவார்கள். கதாநாயகன் வாசலில் செருப்பைக் கழற்றுவது மார்ச் மாதத்தில் வெளிப்புறப் படப்பிடிப்பு, உள்ளே கால் வைப்பது ஜூனில் செட்டில். ஸ்டிக்கர் ஒட்டும் வேலையை கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் செய்கிறார். சட்டை எது, எத்தனை பட்டன் திறந்திருந்தது, காயம் எந்தப் புருவத்தில், டம்ளரில் காபி எதுவரை என்று நோட்டிலும் போட்டோவிலும் பிடித்து வைக்கிறார். பொருளை இப்படிப் பிடித்து வைக்கலாம். ஆனால் அந்தக் காட்சியில் அந்தப் பாத்திரத்துக்கு என்னென்ன தெரியும், எதெல்லாம் இன்னும் தெரியாது என்பதை எந்த போட்டோவில் பிடிப்பது?

இங்கேதான் பாத்திரப் பிழை நுழைகிறது. அதற்கு இவ்வளவு சுத்தமான உதாரணம் வேறு கிடையாது என்று நான் நினைப்பது ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில் இருக்கிறது. ரஷ்மோர் மலை உணவகத்தில் கூட்டத்துக்கு நடுவே நாயகி திடீரென்று துப்பாக்கியை எடுத்து நாயகனைச் சுடுகிறாள். உணவகத்தில் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை, ஒரு சிறுவனைத் தவிர. பின்னணி மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையன், குண்டு வெடிப்பதற்கு முன்பே இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறான். பாவம், ஒத்திகைகளில் கேட்ட சத்தம் அவன் காதில் இன்னும் இருந்திருக்கும். நடிக்க வந்த பையனுக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குள் கசிந்துவிட்டது. சட்டை மாறியிருந்தால் அது பொருளின் பிழை. இது அறிவின் பிழை. தெரிந்திருக்க முடியாத ஒன்று ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது.

திரைக்கதை எழுதுபவருக்கும் இந்த ஆபத்து உண்டு. அவருக்கு முழுக் கதையும் தெரியும், கொலையாளி யார் என்பதும் தெரியும். தனக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது என்பதை மறக்காமல் இருப்பது மனித மூளைக்குக் கடினமான வேலை. உளவியலில் இதை 'அறிவின் சாபம்' என்கிறார்கள். அதனால்தான் சில படங்களில் இன்ஸ்பெக்டர், யாரும் சொல்லாத முகவரிக்கு நேராக வண்டியை விடுகிறார். எழுதியவருக்கு முகவரி தெரியும், அவ்வளவுதான்.

சில சமயம் எழுதியவருக்கே தெரியாது. ரேமண்ட் சாண்ட்லரின் 'த பிக் ஸ்லீப்' நாவலை ஹாவர்ட் ஹாக்ஸ் படமாக எடுத்தபோது, கார் டிரைவர் கொலை செய்யப்பட்டாரா தற்கொலை செய்துகொண்டாரா என்று படப்பிடிப்பில் விவாதம் வந்தது. சாண்ட்லருக்குத் தந்தி கொடுத்துக் கேட்டார்கள். தனக்கும் தெரியவில்லை என்பதைச் சாண்ட்லரே பின்னாளில் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். 1946இல் வந்த அந்தப் படம் இன்றும் துப்பறியும் படங்களின் உச்சிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. கொலைக் கணக்கு ஒன்று தீராமல் கிடப்பது ஆண்டாண்டாகப் பார்ப்பவர்களை உறுத்தவில்லை.

ஏன் உறுத்தவில்லை? செக்கிங்கில் இரண்டு வகைக் குறைகள் உண்டு. ரோலை ஓட்டிப் பார்க்கும் மெஷினில் சாய்ந்த கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. துணியில் ஓட்டை இருந்தால் அது வெளிச்சப் புள்ளியாகக் குதித்துக் கண்ணில் விழும், தேட வேண்டியதே இல்லை. சுற்றியிருப்பதிலிருந்து ஒரே ஒரு அம்சத்தில் மாறுபடுவது தானாகவே துருத்தித் தெரியும் என்பதை உளவியலாளர் ஆன் ட்ரீஸ்மன் 1980இல் விளக்கினார். ஷேடு வித்தியாசம் அப்படிக் குதிக்காது. முன்பக்கத்தையும் கையையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும். பாத்திரப் பிழை இந்த இரண்டாவது வகை, அதிலும் மோசமான வகை. ஒப்பிட வேண்டிய இரண்டில் ஒன்று திரையில் இருக்கிறது, மற்றது நாற்பது நிமிடத்துக்கு முன்பே போய்விட்டது. நினைவிலிருந்து எடுத்து ஒப்பிட வேண்டும்.

ஆனாலும் மூளை சும்மா இருப்பதில்லை. ஆல்பிரெக்ட், ஓ'பிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் 1993இல் ஒரு சிறு கதையைப் படிக்கக் கொடுத்தார்கள். மேரி என்ற பெண் கறாரான சைவம் என்று முதலில் வருகிறது. நடுவே உணவகம் பற்றிய வாக்கியங்கள் சில. பிறகு மேரி சீஸ்பர்கர் ஆர்டர் செய்கிறாள். அந்த இடத்தில் வாசகர்களின் படிக்கும் வேகம் குறைந்தது. சைவம் என்ற தகவல் பல வரிகளுக்கு முன்னால் கிடந்தும், பர்கரைக் கண்டதும் அது எழுந்து வந்து குறுக்கே நின்றது. நாம் 'என்னவோ இடிக்குதே' என்று சொல்வது இதைத்தான்.

புத்தகம் படிப்பவர் இடிக்கும் இடத்தில் நின்று, நாலு பக்கம் பின்னால் புரட்டிப் பார்த்துவிட்டு வரலாம். தியேட்டரில் அது நடக்காது. இடித்த கணத்திலேயே அடுத்த ஷாட் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) தொடக்கத்தில் நாயகன் மாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்குகிறான். அடுத்த காட்சியில் தோழியின் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். எப்படி இறங்கினான் என்று படம் கடைசிவரை சொல்லவில்லை. பார்ப்பவருக்கு அது உறைப்பது, படம் முடிந்து ஸ்டாண்டில் டோக்கனைக் கொடுத்து வண்டியை எடுக்கும்போதுதான். எடிட்டர்களுக்கும் இது தெரியும். வால்டர் மர்ச் ஒரு கட் நல்ல கட்டா என்று தீர்மானிக்க ஆறு அளவுகோல்களுக்கு மதிப்பெண் போட்டார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23. நிஜ வெளியில் யார் எங்கே நிற்கிறார் என்ற தொடர்ச்சிக்கு வெறும் 4. டம்ளரில் காபி ஏறி இறங்குவதைப் பிடித்துவிட்டுத் தலை நிமிரும் ரசிகர், அந்த 4 சதவீதத்துக்குள் நின்று சண்டை போடுகிறார்.

ஏற்றுமதிக் கம்பெனிகளில் எல்லாக் குறைகளையும் ஒரே தராசில் போடுவதில்லை. துணி பார்க்கும் நான்கு புள்ளி முறையில் 3 அங்குலம் வரையுள்ள குறைக்கு 1 புள்ளி, 9 அங்குலத்தைத் தாண்டினால் 4. தைத்து முடித்த பீஸில் வெட்டாத பிசிர் சிறு குறை, தையல் விட்டிருந்தால் பெரிய குறை. உடைந்த ஊசி முனை உள்ளே மாட்டியிருந்தால் பேச்சே கிடையாது, லாட்டே நிற்கும். படத்துக்கும் இப்படித் தரம் பிரிக்கலாம் என்பது என் கட்சி. சட்டை மாறியது பிசிர். பாத்திரம் தன் இயல்புக்கு மாறாக நடந்தது தையல் விட்டது. பாத்திரத்துக்குத் தெரிந்திருக்க முடியாத ஒன்றை வைத்து முடிச்சு அவிழ்ந்தால் அது ஊசி முனை.

இந்தக் கண்ணோடு 'பாபநாசம்' படத்தைப் பார்ப்போம். ஜீத்து ஜோசப் 2013இல் மலையாளத்தில் எடுத்த 'திரிஷ்யம்' 2015இல் கமல்ஹாசன் நடிப்பில் தமிழுக்கு வந்தது. சுயம்புலிங்கம் கேபிள் டிவி நடத்துகிறவர், பெரிய படிப்பில்லை. தன் குடும்பத்தின் கையால் நடந்துவிட்ட ஒரு மரணத்தை மறைக்க வேண்டும். சம்பவ நாளில் குடும்பமே வெளியூரில் இருந்தது என்று ஊரை நம்ப வைக்கிறார். வெளியூர்ப் பயணம் உண்மையிலேயே நடந்தது, ஆனால் வேறு தேதியில். பிறகு வழியில் பார்த்த ஆட்களை ஒவ்வொருவராக மறுபடி சந்திக்கிறார். பேச்சுவாக்கில் அந்தத் தேதியைக் காதில் போட்டுவிட்டு வருகிறார். போலீஸ் வந்து கேட்கும்போது சாட்சிகள் அவரைப் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்கள், தேதியோடு. அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை.

இது நடக்குமா? நினைவு ஆராய்ச்சி நடக்கும் என்றுதான் சொல்கிறது. நடந்ததை மூளை சேமிக்கிறது, அதில் தேதி முத்திரை குத்தி வைப்பதில்லை. தேதியை வேறு தடயங்களிலிருந்து பின்னால் கணக்குப் போட்டுக்கொள்கிறது. திருப்பூரில் ஒரு லாட் எப்போது தைத்தோம் என்று கேட்டுப் பாருங்கள். 'சம்பளம் போட்ட மறுவாரம்' என்றோ, 'கரண்ட் போச்சே, அன்னைக்கு' என்றோ பதில் வரும். கணக்குப் போடும் இடத்தில் யாராவது ஒரு எண்ணை நைசாக வைத்துவிட்டால் அது உள்ளே போய்விடும். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, வேகம் என்ன இருக்கும் என்று கேட்டார்கள். சிலரிடம் கார்கள் 'மோதியபோது' என்ற பொருளிலும், சிலரிடம் 'நொறுங்க மோதியபோது' என்ற பொருளிலும். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்றபோது முதல் குழுவில் 14 சதவீதமும் இரண்டாம் குழுவில் 32 சதவீதமும் ஆமாம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

சரி, அறிவியல் இடிக்கவில்லை. பாத்திரம் இடிக்கிறதா? பள்ளியைத் தாண்டாத ஒருவர் இவ்வளவு நுட்பமாகத் திட்டமிடுவாரா என்ற கேள்வியைப் பலரும் கேட்டிருப்பார்கள். இங்கேதான் சாம்பிளை எடுத்துப் பார்க்க வேண்டும். படம் முதல் பாதியில் மெதுவாக நகர்கிறது என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த மெதுவான பகுதியில்தான் சுயம்புலிங்கம் இரவெல்லாம் ஆபீசில் உட்கார்ந்து படம் பார்ப்பதும், பார்த்த படங்களிலிருந்து ஊராருக்குச் சட்ட யோசனை சொல்வதும் வருகின்றன. ஒப்புதல் வாங்கிய சாம்பிள் அது. பின்பாதியில் அவர் செய்வதெல்லாம் அந்தச் சாம்பிளுக்குப் பொருந்துகிறது. எதிரே நிற்கும் போலீஸ் அதிகாரிக்குச் சந்தேகம் வருவதும் அழகான இடம். சாட்சிகள் எல்லாரும் தேதியை இவ்வளவு தெளிவாக நினைவு வைத்திருப்பதுதான் அவரை உறுத்துகிறது. முரண் இல்லாததே அங்கே முரண்.

இத்தகைய கதையில் பார்ப்பவர் ஏன் தடுமாறுகிறார் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாட்சிகள் உண்மையென நம்பித்தான் சொல்கிறார்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும் என சுயம்புலிங்கம் விரும்புகிறார். எண்ணிப் பாருங்கள், ஒருவர் மனதுக்குள் இன்னொருவர் மனம், அதற்குள் வேறொருவர் மனம். மூன்று படி. அதைப் புரிந்துகொள்ளும் நீங்கள் நான்காவது. 1998இல் கிண்டர்மன், டன்பார், பென்டால் ஆகியோர் இப்படிப் படிப்படியாகக் கதை சொல்லிக் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். நான்காம் படி வரை பெரும்பாலோர் சமாளித்தார்கள். ஐந்தாம் படியில் தவறுகள் சட்டென்று கூடிவிட்டன. மர்மக் கதை எழுதுபவர் நம்மை நிறுத்தி வைக்கும் இடம் அந்த விளிம்புதான். அங்கே நிற்கிறவருக்கு யாருக்கு என்ன தெரியும் என்று சரிபார்க்கக் கை மிச்சமில்லை.

இதுவரை தவறவிடுவதைப் பற்றிப் பேசினோம். மர்மப் பட ரசிகருக்கு எதிர்ப்பக்க வியாதியும் உண்டு. 2005இல் ஜெரமி வுல்ஃபும் சகாக்களும் ஒரு தேடல் சோதனை நடத்தினார்கள். தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது, பார்ப்பவர்கள் தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது 30 சதவீதம். அரிதாக வருவதைக் கண் எதிர்பார்ப்பதில்லை, எதிர்பார்க்காததைச் சீக்கிரமே 'இல்லை' என்று தள்ளிவிடுகிறது. செக்கிங் டேபிளின் அடிப்படைத் துன்பம் இது. நல்ல கம்பெனியில் டேமேஜ் குறைவு, குறைவாக இருப்பதாலேயே தப்பிப்போவது அதிகம். போதாததற்கு நேரம் ஆக ஆகக் கவனம் இறங்கும். நார்மன் மக்வொர்த் பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் பணியாளர்களுக்காக நடத்தி 1948இல் வெளியிட்ட சோதனையில், முதல் அரை மணி நேரத்திலேயே தவறுகள் கூடத் தொடங்கியது தெரிந்தது. ஒன்றரை ஷிப்ட் நின்று பீஸ் பார்க்கும் பெண்ணிடம் கடைசி மணி நேரத்தில் தப்பிய ஓட்டைக்கு அவரைத் திட்டுகிற சூப்பர்வைசர், இந்தச் சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

மர்மப் பட ரசிகர் நேர் எதிர்த் திசையில் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு பிரேமிலும் ஏதோ இருக்கிறது என்ற எதிர்பார்ப்போடுதான் டிக்கெட்டே வாங்குகிறார். ஆகவே அவர் தவறவிடுவதைவிட, இல்லாததை இருப்பதாகப் பிடிப்பது அதிகம். நல்ல பீஸையெல்லாம் டேமேஜ் என்று தள்ளுகிற புது செக்கர் மாதிரி. 'லாஜிக் ஓட்டை' என்று படத்துக்குப் படம் அடுக்கப்படுவதில் பாதி இந்த ரகம். 'தடம்' (2019) படத்தில் அருண் விஜய் அச்சு அசலாக ஒரே முகமுள்ள இரண்டு பேராக வருகிறார், கொலை செய்தது எவர் என்று போலீஸ் திணறுகிறது. அதெப்படி நிரூபிக்க முடியாமல் போகும் என்று கேட்கத் தோன்றும். மலேசியாவில் போதைப்பொருள் வழக்கில் சிக்கிய இரட்டைச் சகோதரர்கள், குற்றம் செய்தது இருவரில் எவர் என்று நிறுவ முடியாததால் 2009இல் விடுதலையானார்கள். டி.என்.ஏ. சோதனையும் உதவவில்லை, ஒரு கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு வழக்கமான சோதனையில் அது ஒன்றுபோலவே இருக்கும். கைரேகை மட்டும் வேறுபடும். கரு வளரும் மாதங்களில் ஒவ்வொரு விரலும் தனித்தனிச் சூழலில் உருவாவதால், ரேகைகளும் தனித்தனியாக அமைகின்றன. எனவே இரட்டையர் கதையில் கேட்க வேண்டிய சரியான கேள்வி, 'கைரேகை எங்கே போயிற்று' என்பது.

சரியான கேள்விதான் விஷயமே. செக்கிங்கில் தேர்ந்தவர் பீஸை மொத்தமாகப் பார்ப்பதில்லை. கழுத்தில் தொடங்கி, தோள், கை, பக்கத் தையல், அடிமடிப்பு, பிறகு திருப்பிப் போட்டு உள்பக்கம் என்று கை தானாகப் போகும். ஒவ்வொரு இடத்திலும் எதைத் தேடுகிறார் என்பதும் முன்பே முடிவானது. படத்தில் பாத்திரப் பிழையைத் தேடவும் இதுவே வழி. கண் கூர்மை இதில் அதிகம் உதவாது.

பழகுவதற்கு 'அந்த நாள்' (1954) எடுத்துக்கொள்ளலாம். எஸ். பாலச்சந்தர் இயக்கம், ஏவி.எம். தயாரிப்பு, பாட்டே இல்லாத படம். ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபரில் நடக்கும் கதை. ரேடியோ இன்ஜினீயர் ராஜனாக வரும் சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறார். விசாரணையில் வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள். ஒவ்வொருவர் சொல்வதும் காட்சியாக விரிகிறது. அங்கே கண்ணில் பட்டதை நடந்ததாக எடுத்துக்கொண்டால் படம் முழுக்க முரணாகத் தெரியும். அவை சாட்சியங்கள், நடந்தவை அல்ல. அறுபது ஆண்டு கழித்து 2016 டிசம்பரில் வந்த 'துருவங்கள் பதினாறு' படத்திலும், கோவையில் நடந்த ஒரு வழக்கை ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி சொல்லச் சொல்லத்தான் நாம் பார்க்கிறோம்.

ஆகவே ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். இந்தக் காட்சியை யார் சொல்கிறார்? நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு பாத்திரத்துக்கு இப்போது என்ன தெரியும்? அது அவருக்கு எந்தக் காட்சியில், யார் மூலம் தெரிந்தது? மூன்றாம் பத்தி எங்கே காலியாகிறதோ அங்கே வட்டம் போடுங்கள். படம் முடியும்போது கதையே அந்த வட்டத்தை நிரப்பியிருந்தால் அது துப்பு. கடைசிவரை காலியாகவே இருந்தால் டேமேஜ். முதல் முறை கதைக்காகப் பாருங்கள், தாளை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை லீவில் வீட்டில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற வசதி இன்று எல்லார் போனிலும் இருக்கிறது. பிடித்த பிழைகளை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். கொலையாளி பெயரை மட்டும், இன்னும் படம் பார்க்காதவரிடம் சொல்லிவிடாதீர்கள்.